அரைவேக்காடு

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு
வாயில் ஒரு பழைய ஐந்து சென்
எப்போதும் கிடக்கிறது.
தண்ணீரிலும் அதே ருசி.
கரண்டிகளைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம்.
காசு கரையவில்லை.

கஞ்சி வேண்டாம். ரசம் வேண்டாம்.
பட்டர்வொர்த்திலிருந்து மைத்துனி ஃபெரியேறிக் கொண்டுவந்த
இடியாப்பமும் வேண்டாம்.
விடியற்காலை நாலரைக்கு
வயிறு தெளிவாக ஒன்றைக் கேட்கிறது:
ஜெலுத்தோங், ஆ ஹுவாட் கடை,
பளிங்கு மேசை,
மூடிபோட்ட டின் குவளைக்குள்
வெந்நீரில் மூழ்கிக் கிடக்கும்
இரண்டு முட்டை.

அப்பா சைவம்.
அதனால் அம்மா சைவம், நான் சைவம்,
வீட்டுச் சட்டியும் சைவம்.
இருபத்தைந்தாம் தேதி மட்டும்
தெருக்கூட்டிய சம்பளம் ரவிக்கைக்குள் மடிந்திருக்க,
அம்மா என்னைப் பள்ளிக்கு
நீளமான வழியில் கூட்டிப்போவாள்.

குவளையை உடனே திறக்க மாட்டாள்.
"நூறுவரைக்கும் எண்ணு."
நான் எண்பதுகளை விழுங்கிவிட்டுத்
தொண்ணூறுக்குத் தாவுவேன்.
கவனிக்காதவள்போல் இருப்பாள்.

மேசை விளிம்பில் ஒரே தட்டு.
வெள்ளையாவதா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்காத வெள்ளைக்கரு,
நடுவில் ஆடும் மஞ்சள்.
கிச்சாப் மூன்று சொட்டு. வெள்ளை மிளகு.
பீரிசை அப்படியே தூக்கி
உதட்டில் வைத்து உறிஞ்சுவோம்.
சத்தம் வரும். வரட்டும்.

பிறகு முந்தானையால் என் கடைவாயை
இரண்டு தடவை துடைப்பாள்.
"ஊது" என்று முகர்ந்து பார்ப்பாள்.
ஓர் ஏலக்காய் எனக்கு, ஒன்று அவளுக்கு.
டப்பாவில் ஏலக்காய் ஏன் குறைகிறதென்று
அப்பா கடைசிவரை கேட்கவில்லை.

இப்போது தடைபோடுவது சாமியில்லை.
உணவியலாளர் ஷரிஃபா,
சின்னப் பெண்,
மருத்துவமனைத் தாளில்
'தெலூர் செபாரோ மாசாக்' என்ற வரிமேல்
சிவப்பில் பெருக்கல் குறி போட்டாள்.
வெள்ளை அணு குறைவு, ஒரு கிருமி போதும் என்றாள்.
சின்ன வயதில் எவ்வளவு சாப்பிட்டேன் தெரியுமா என்றேன்.
"அப்போ உங்க ரத்தம் வேற, புவான்."

வீட்டுக்காரர் அவித்துக் கொடுத்தார்.
பன்னிரண்டு நிமிடம், மணி வைத்து.
பாதியாக வெட்டி உப்புத் தூவி நீட்டினார்.
மஞ்சள், சாக்கட்டிபோல் உதிர்ந்தது.
என் கண் கலங்கியதும்
குமட்டுகிறதென்று நினைத்து
ஓடிப்போய் வாளி எடுத்துவந்தார்.
முட்டைக்காக அழுகிறேன் என்று
எப்படிச் சொல்ல?
வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தர்வினை எழுப்பினேன்.
"காரை எடு."

ஆ ஹுவாட் இல்லை, கல்லாவில் அவர் மருமகள்.
பளிங்கு அதே பளிங்கு, ஒரு மூலை போயிருந்தது.
முகக்கவசத்தோடு உட்கார்ந்தேன்.
"ரொட்டிக்குக் காயா?" என்று மலாயில் கேட்டாள்.
ரத்தப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை.
காயா பழமா யாருக்குத் தெரியும்.
நான் சிரித்தது அவளுக்குப் புரியவில்லை.
மகனுக்கும்தான்.

"எனக்கில்லை. நீ சாப்பிடு. நான் பார்க்கணும்."
"மா, இது பச்சையா இருக்கும்."
"நூறுவரைக்கும் எண்ணு."
"போன்ல டைமர் இருக்கு."
"எண்ணுடா."
ஆங்கிலத்தில் எண்ணினான்,
எண்பதுகளில் ஒன்றைக்கூட விடாமல்.

உடைக்கத் தெரியவில்லை. ஓடு உள்ளே விழுந்தது.
கிச்சாப், சொட்டாமல் கொட்டியது.
கரண்டி கேட்டான்.
கொடுக்காதே என்று கல்லாவுக்குக் கை காட்டினேன்.
கண்ணை இறுக்கி மூடி உறிஞ்சினான்.
சத்தம் வந்தது.
என் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"எப்படி?"
யோசித்தான்.
"உப்பா… சூடா… வழுக்கிட்டுப் போயிடுச்சு.
சொல்லத் தெரியலமா."
கொஞ்சம் பொறுத்து,
"அந்த இன்னொண்ணையும் உடைக்கவா?"

நாக்கடியில் காசு அங்கேயேதான் இருந்தது.

இருபத்துமூன்று வயது கடைவாயில் மஞ்சள்.
துப்பட்டா நுனியால் துடைத்தேன், இரண்டு தடவை.
வீட்டில் கேட்பதற்கு யாருமில்லை.
இருந்தாலும்
"ஊது" என்றேன்.
முகக்கவசத்தை ஒரு விரல் அளவு இறக்கினேன்.

மிளகு.