முன்வண்டியின் கதவு

எல்லைச் சாவடிக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர்.
நிலக்கரி லாரிகள், நானூறோ ஐந்நூறோ,
கோபியின் பனியில் ஒன்றன் பின் ஒன்றாய்.
நான்கு நாளில் நாங்கள் நகர்ந்த தூரம்
நடந்தால் ஒரு மணி நேரம்.

எனக்கு முன்னால் லோதோயின் வண்டி.
இரவில் அதன் கதவு திறக்கும்.
டொக்.
உள்விளக்கு எரியும், ஒரு முதுகு இறங்கும்,
டயரோரம் நிற்கும், ஆவி எழும், ஏறும்.
டொக்.
முதல் இரவு ஏழு முறை.
மறுநாள் ஒன்பது.
மூன்றாம் இரவு பதினொன்று.
வேறென்ன வேலை எனக்கு? எண்ணுவேன்,
ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்ட புட்டியில் உறைந்ததை
உடைத்து மொறுமொறுவென்று மென்றபடி,
கால் மாற்றிக் கால் நீட்டியபடி.

பகலில் ஃபிளாஸ்க்கோடு வருவான்.
"நர்மந்தாஹ், தேநீர் மிச்சமிருக்கா?
நேத்து இறைச்சியில உப்பு கூடிப்போச்சு."
முந்தாநாளும் இறைச்சிதான் குற்றவாளி.
அதற்கு முன்னால், ஹீட்டரின் வறட்டுச் சூடு.
ஆரஞ்சு சோடா இரண்டு லிட்டர் காலியாகும்,
கண் அடுத்த புட்டியைத் தேடும்.
பெல்ட்டில் ஆணியால் புதுத்துளை போட்டிருந்தான்.
"பார், இருபது வயசுப் பையன் இடுப்பு!"
சிரித்தோம்.
சாப்பிட்டதோ மூன்று ஆள் சாப்பாடு.

நாய்தான் முதலில் கண்டுபிடித்தது.
வரிசையோரம் திரியும் காது கிழிந்த நாய்.
எங்கள் எல்லார் டயரையும் முகர்ந்து தாண்டிப்போய்
அவன் டயரோரத்து மஞ்சள் பனியை மட்டும்
மிட்டாய்க் கடைக்குள் விட்ட பிள்ளை போல
நக்கிக்கொண்டு நின்றது.

நான் மெல்வதை நிறுத்தினேன்.

அன்று மாலை எண்பலகையைப் பார்த்து
"அது மூணா, எட்டா?" என்றான்.
அடுப்பில் சுட்டுக்கொண்ட கணுக்கால்
மூன்று வாரமாகியும் ஈரம்.
வலிக்கலையே என்றான்,
வலிக்காதது ஏதோ நல்ல செய்தி போல.

கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.
பாதி வழியில் ஒரு கன்டெய்னர்; உள்ளே செவிலி யான்ஜின்.
ஊசி. ஒரு சொட்டு.
கருவி கொஞ்சம் யோசித்துவிட்டு
எண்ணே சொல்லவில்லை,
தன் அளவைத் தாண்டிவிட்டது என்று கைவிரித்தது.
தாகம்? சிறுநீர்? எடை? கண்? புண்?
இறைச்சி, சோடா, வரிசைக் கவலை, பனிக்கூச்சம், அடுப்பு:
ஐந்துக்கும் ஐந்து பதில் கைவசம் வைத்திருந்தான்.
"ஐந்துக்கும் ஒரே பதில்" என்றாள் யான்ஜின்,
சலைன் புட்டியை மாட்டிக்கொண்டே. "சர்க்கரை.
ஜீப் வருது. மாகாண ஆஸ்பத்திரி. இன்றைக்கே."

ராத்திரி பதினொரு முறை எழுந்தான், நானே பார்த்தேன்,
என்று சாட்சி சொன்னேன்.

அவள் திரும்பினாள்.
"பதினொன்றையும் பார்த்தாயா?
அப்படியென்றால் நீ எப்போது தூங்கினாய்?"

கால், என்றேன்.
படுத்தால் கெண்டைச்சதைக்குள் எறும்பு ஊரும்.
உதறினால் நிற்கும். படுத்தால் மறுபடி ஊரும்.
லாரி ஓட்டுகிற கால் அப்படித்தான்.
"வாயில் என்ன?"
ஐஸ். சும்மா, பழக்கம்.
என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்;
சிவப்பைத் தேடியவள் முகத்தில்
வெளியே கிடக்கும் பனியைப் பார்த்த முகம்.
"தூரம் எத்தனை நாள்?"
லோதோய் கூரையைப் பார்த்தான்.
எட்டு, ஒன்பது. அம்மாவுக்கும் அப்படித்தான்.
"அவனுக்கு இறைச்சி, உனக்குப் பழக்கமா?
ரத்தமே இல்லை உன்னிடம்"
என்று இரும்பு மாத்திரைக்கு அலமாரியைத் துழாவினாள்.

அன்றிரவு முன்வண்டிக் கதவு திறக்கவில்லை.
நாய் வந்தது, டயரை முகர்ந்தது, ஏமாந்து போனது.
ஜன்னலுக்கு வெளியே புட்டி ஆடிக்கொண்டிருந்தது.
விழித்துத்தான் கிடந்தேன்.
எண்ணுவதற்கு
என் கால்தான் இருந்தது.