முழங்கால்

அட்டகாமாவில் இரவு.
பகலெல்லாம் வெயில் குடித்த பலகைகளுக்குள்
மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறாள் நயாடெத்.
கண்ணுக்கு எட்டாத ஒளியில் அவை மினுங்க,
கேமரா மட்டும் பார்க்கிறது.

விரிசல் எது, வெறும் அழுக்கு எது என்று
நாலாயிரம் படங்களில் கட்டம் போட்டு
அதற்குக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான்.
இப்போது அது சொல்கிறது:
வரிசை 31, பலகை 8.
விரிசல். தொண்ணூற்று மூன்று சதவீதம்.

திரையில் கருப்பாய்க் கிளை பிரிகிறது,
நடுவில் ஒரு வட்டம்,
முழங்கால் அளவு.

மார்ச் மாதம். காற்று. கழன்ற திருகு.
ஒரு நிமிஷம்தான் ஊன்றினாள்.
யாரும் பார்க்கவில்லை.

காரணம்?
ஆலங்கட்டி, லாரிக் குலுக்கல், தெரியவில்லை, பிற.

ஆலங்கட்டியாம், இந்தப் பாலையில்!

‘பிற’வைத் தொட்டு
தன் பெயரை எழுதுகிறாள்,
கையுறை கழற்றாமல்,
எழுத்துப்பிழையோடு.