விடுப்புச் சீட்டு

பகாவ் அஞ்சலகத்துக்கு எதிரே
நகல் எடுக்கும் கடை என்னுடையது.
மனு எழுத மூன்று வெள்ளி,
நகல் ஒன்றுக்கு இருபது காசு.
சொக்சோ பாக்கி, நிலவரி, செம்பனை ஆலையில் போன விரல்,
மாமியார் மேல் போலீஸ் புகார்,
எல்லாம் இந்த விசைப்பலகை வழியாகத்தான் போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சடையாண்டி வந்தார்.
பிளாஸ்டிக் உறைக்குள் சேவைப் பதிவேடு,
கரையான் தின்றதுபோக மிச்சம்.
"ஒரு வரி விட்டுப்போச்சும்மா.
நாப்பத்தாறு வருஷமா இல்ல.
சேத்துடணும்."

படைப்பிரிவு முழுமைக்கும் கொடுத்த விருதாம்.
ஆளுக்கொரு பதக்கம் கிடையாது.
வலது பாக்கெட்டுக்கு மேல் ஒரு பட்டை,
பதிவேட்டில் ஒரு வரி.
வெள்ளத்தில் மூன்று இரவு நின்று
ஆற்றோரக் கம்பத்தையே கயிற்றில் கோத்து
இக்கரை சேர்த்ததற்காக.
அந்த மூன்று இரவும் அவர் விடுப்பில் என்கிறது பதிவு.

"நீங்க அங்க இருந்தீங்களா?"
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
கயிறு அறுத்த தழும்பாம்.
எனக்கு ஆயுள்ரேகைதான் தெரிந்தது.
தழும்பை நகலெடுக்க முடியாதே என்றேன்.
சிரித்தார்.
பல்செட்டு ஒரு கணம் தாமதமாகச் சிரித்தது.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
பதிவில் பிழை நேர்ந்த காரணம்.

தீபாவளி விடுப்பு அவருக்குத்தான் கிடைத்திருந்தது.
சீட்டில் பெயர், எண், முத்திரை.
வீட்டுக்குத் தந்தியும் அடித்தாகிவிட்டது.
லாரி கிளம்பும் நேரத்தில் ஹாஷிம்,
பக்கத்துக் கட்டில், கோலப்பிலா ஆள்,
வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறதென்று
சேதி வந்து நின்றிருக்கிறான்.
"நீ போடான்னேன்.
சீட்டு என் பேர்ல, போன காலு அவனோடது."
சார்ஜண்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.
மழை பிடித்தது மறுநாள்.

வருகைப் பட்டியலில் ஹாஷிம்.
விடுப்புப் பட்டியலில் சடையாண்டி.
விருது வந்தபோது
பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினார்கள்.
பட்டியல் நனைவதில்லை.

தட்டத் தொடங்கினேன்:
அந்நாளில் பணியில் இருந்ததாகக் காட்டப்படும் ஹாஷிம் என்பவர்
"நிறுத்தும்மா."

ஹாஷிம் போன நோன்பு மாதம் காலமாகிவிட்டார்.
அவர் வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே
அந்த வரி சட்டம்போட்டுத் தொங்குகிறது.
கல்சோம் வெள்ளிதோறும் அதைத் துடைப்பாள்.
இவர் போனால்
அதன் அடியில் உட்காரவைத்துத்தான் தேத்தண்ணி.
குறுக்கே கிடந்த பிள்ளைக்கு
இப்போது சிரம்பானில் சொந்தமாக டயர் கடை.

"அவர் வீட்ல சொல்லவே இல்லையா?"
"ரெண்டு தடவ சொல்ல வந்தான்.
நான்தான் பேச்ச மாத்திட்டேன்."

"இப்ப யாருக்குக் காட்டப்போறீங்க?"
"யாருக்கும் இல்ல.
எழுதியிருக்கணும், அவ்வளவுதான்."

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
இந்தக் கடையில் வயதைக் குறைத்திருக்கிறேன்,
ஏக்கரைக் கூட்டியிருக்கிறேன்,
ஓடிப்போன புருஷனை இறந்தவராக்கியிருக்கிறேன்.
எதற்கும் கூலி மூன்று வெள்ளிதான்.
அவர் சுவரில் இருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அதில் இன்னும் போன மாதம்.

பிறகு சொன்னார்:
"இப்படிப் போடு.
ரெண்டு பேருமே பணியில இருந்தோம்.
விடுப்புச் சீட்டு பயன்படுத்தப்படல."

மலாயில் தட்டினேன்.
அந்த மொழியில் அது இன்னும் சுத்தமாக இருந்தது.
சாட்சிகள் என்ற கட்டத்தை
இருவருமே பார்க்காததுபோல் கடந்தோம்.

ஐந்து வெள்ளித் தாளை நீட்டினார்.
மீதிக்குச் சில்லறை துழாவினேன்.
"இருக்கட்டும், ரெண்டு நகல் எடு."
"ரெண்டாவது யாருக்கு?"
சாலைக்கு அப்பால் கோலப்பிலா பஸ்
ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

சூடு ஆறாத தாளை நான்காக மடித்தார்.
அவர் சட்டையில் வலது பக்கம் பாக்கெட் இல்லை.
இடது பக்கம் செருகிக்கொண்டு
வெயிலில் இறங்கினார்.