பதினோரு விநாடி

போடியில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள்.
காய்க்கும் கேட்புக்கும் தமிழில் ஒரே சொல்;
அட்டவணையில் நான் இரண்டு பத்தி வைத்தேன்.

"எட்டு மில்லி காய், வண்டன்மேட்டுச் சரக்கு,
போன கார்த்திகையில என்ன வெல போச்சு?"
நாற்காலியில் அமருமுன்பே கேட்பார் காதர் மைதீன்.
காபி ஆறுமுன் பதில் வர வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்தபோது அவர் போட்ட
ஒரே நிபந்தனை அதுதான்.

எல்லாவற்றையும் முன்பே கூட்டிவைக்கலாம்.
நாள் ஒரு பக்கம், ரகம் ஒரு பக்கம், தோட்டம் ஒரு பக்கம்
(நாலாவது, அஞ்சாவது பக்கமும் உண்டு,
கையை விரித்துக் காட்ட முடியாது, நம்ப வேண்டியதுதான்).
பக்கங்கள் சந்திக்கும் இடமெல்லாம் ஓர் அறை,
அறைக்குள் தயாராய் ஒரு தொகை.
கேட்ட மாத்திரத்தில் சொல்லும்.
அதற்காக இரவு இரண்டு மணியிலிருந்து
சர்வர் மாவாட்டும்.
ஆட்டி முடித்தபின் வந்த மூட்டைக்கு
நாளைக்குத்தான் இடம்.

அல்லது எதையும் கூட்டாமல்
வரிவரியாய்க் கிடக்க விட்டுவிட்டு
கேட்கும்போது எண்ணலாம்.
இப்போது இறக்கிய மூட்டைகூட எண்ணிக்கையில் வரும்.
காதர் மைதீன் இரண்டாம் காபி சொல்வார்,
அப்புறம் என்னைச் சொல்வார்.

குமுளியிலிருந்து ஷைனி போனில் சிரித்தாள்:
"டிஸ்குக்கு என்ன வெல? எல்லாம் கூட்டி வெச்சோ."

கூட்டி வைத்தேன்.
கியூப் எழுந்து நின்றது, பத்தில் ஒன்பது அறை பூஜ்ஜியம்.
காலியிடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பச் சொன்னது நான்தான்.
ஞாயிறு பூஜ்ஜியம், சரி.
எந்தத் தோட்டமும் தினமும் காய் அனுப்பாது, அதுவும் சரி.
ஆடியில் ஒன்பது நாள் மட்டும்
ஒரு சுவர்போல, எல்லா ரகமும் எல்லாத் தோட்டமும்.
பூஜ்ஜியம் என்றால்
ஏலம் விட்டார்கள், யாரும் கேட்கவில்லை.
வரிகளுக்குள் இறங்கித் தேடினேன்.
வரியே இல்லை.
மெட்டுச் சாலையில் மண் சரிந்து
வண்டி நின்றுபோன ஒன்பது நாள்.

பத்தாம் நாளில் ஒரே ஒரு வரி.
குறிப்புப் பத்தியில் யாரோ அவசரமாய் அடித்தது:
"எட்டு மூட்டை. ஈரம். தலைச்சுமை. சுருளிவேலு."
கியூபில் அது மாதச் சராசரிக்குள் கரைந்திருந்தது.
எழுத்தைக் கூட்ட முடியாது,
அதனால் எழுத்துக்கு அறை இல்லை.

பிறகு மூன்றாவது வழிக்கு வந்தேன்.
தொகைகள் மேலே, கூட்டியபடி;
வரிகள் கீழே, கிடந்தபடி.
இரண்டையும் காக்க வேண்டும், பிழையும் இரண்டு விதமாய் வரும்,
ஷைனி திட்டினாள்.
முடிந்த வருசங்கள் இனி மாறாது, அவற்றை முழுசாய்க் கட்டினேன்.
ஒன்பது நாளையும் வெள்ளையாகவே விட்டேன்.

திங்கட்கிழமை காதர் மைதீன் ஆடியைக் கேட்டார்.
கண் இமைக்குமுன் வந்தது.
வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
பத்தாம் நாளில் விரல் வைத்தார்.
"இந்த எட்டு மூட்டைய யார் எடுத்தது? என்ன வெலைக்கு?"

அது கீழே போய் எடுத்துவர வேண்டிய பதில்.
பதினோரு விநாடி.
காத்திருந்தார், காபியைத் தொடவில்லை.
வாங்கியவர் பெயர் வந்தது, விலை வந்தது.

திரையை அணைக்கச் சொன்னார்.