ஏணிக்கு ஒரு கட்டம்

பதினெட்டு நாள் என்றது கணக்கு.
கூடக்குறைய மூன்று.

வயது நாற்பத்தாறு. அல்புமின் இரண்டு புள்ளி ஏழு.
காசம் அரித்த முதுகெலும்பு இரண்டு,
நெஞ்சுக்குப் பின்னே ஒன்பதும் பத்தும்.
கால்களில் பாதி பலம்.
அறுவை ஐந்தேகால் மணி நேரம்,
போன ரத்தம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கீழே.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் பழைய கோப்புகளைத் தின்றுவிட்டு
என் மடிக்கணினி ஏப்பம் விட்டது: பதினெட்டு.

பதினோரு மாத ஒப்பந்தத்தில்
பரேல் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில்
நான் நாள்களை எண்ணுகிறவள்.
எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்று
முன்கூட்டியே சொல்வது வேலை.
சோசியக்காரி என்கிறார்கள் நர்ஸுகள், மராத்தியில்.

சுடலைமணி வெல்டர்.
மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி:
"உள்ள வச்சது என்ன ராடு மேடம்? ஸ்டீலா?"
டைட்டானியம் என்றேன்.
"பத்தவச்சாங்களா, முறுக்குனாங்களா?"
முறுக்கினார்கள். எட்டு ஸ்க்ரூ.
"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்,
அடுத்த பட்டறைக்காரன் வேலையைப் பார்த்து
பரவாயில்லை என்று விட்டவர் போல.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.
பதினாறில் வாக்கர் பிடித்து ஜன்னல் வரை.
பதினெட்டில் டிஸ்சார்ஜ் தாள் தயார்.
எனக்குள் ஒரு சின்னக் கைதட்டல்.

"போக முடியாதே" என்றார்.

தாராவியில் வீடு. கீழே தையல் கூடம், மேலே இவர்கள்.
மூன்றடிச் சந்து. சுவரோடு ஒட்டி
செங்குத்தாய் ஓர் இரும்பேணி, பதினான்கு படி.
உச்சியில் பிடித்துத் தொங்கி
உடம்பை வளைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.
வளையக் கூடாது என்று எழுதியிருக்கிறது தாளில்.

யார் அடித்த ஏணி?
"நாந்தான்."
அந்தச் சந்தில் மட்டும் இருபத்தாறு, எல்லாம் அவர் கை.
"சாய்ச்சுப் போட்டா வழி போயிரும், சண்டை வரும்.
நிமித்தித்தான் போட்டேன் எல்லாருக்கும்.
ஏறுறவனுக்கு முதுகு இருக்கும்னு
எவன் யோசிச்சான்?"

இருபத்திரண்டு. இருபத்தெட்டு.
பாக்கியசெல்வி தையல் கூடத்து முதலாளியிடம் கேட்டாள்,
மூன்று மாதத்துக்கு ஒரு மூலை.
நோயின் பெயர் காதில் விழுந்ததும்
மெஷின்களைக் காட்டினார், இடமில்லை என்று.
முதுகுக்குள் இருப்பது இருமலில் பரவாது என்று
டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன்.
முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பினாராம்.

முப்பத்து மூன்றில் வராந்தாவில் இன்னொருவர்,
பாயில், இதே கட்டிலுக்குக் காத்து.
பெரிய டாக்டர் என் திரையைத் தட்டினார்:
"உன் மாடல் தப்பு."
இல்லை சார், என்று வாய்வரை வந்தது.
எலும்பு பதினெட்டாம் நாளே போய்விட்டது.
ஆள்தான் இருக்கிறார்.

டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கம் அவரே படம் போட்டார்:
சந்தின் நீளவாக்கில் சாய்ந்து, அறுபது டிகிரி,
அகலப் படி, இரண்டு பக்கமும் கைப்பிடி.
ரிஸ்வான் என்ற பையன் வந்து வாங்கிப் போனான்.
சந்தில் ஒன்றேகால் அடி குறைந்தது.
யார் திட்டினார்கள், யார் ஒதுங்கினார்கள், தெரியாது.
நாற்பத்தோராம் நாள்
வாக்கரை மடித்து டாக்ஸியில் வைத்துக்கொண்டு போனார்கள்.

வித்தியாசம் இருபத்து மூன்று.
எங்கள் பாஷையில் அதற்கு மிச்சம் என்று பெயர்.

அட்டவணையின் ஓரத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்:
ஏணி உண்டா, எத்தனை படி.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அது வெறுமை.
கேட்கலாம் என்றால் பாதி போன் எண்கள் உயிரோடில்லை.

இன்று அதே கட்டிலில் நாஸ்னீன். பத்தொன்பது வயது, கோவண்டி.
ஏணியா? இல்லை, தரைதான் என்கிறாள்.
பூஜ்யம் போட்டேன்.
பதினான்கு நாள் என்றது கணக்கு.

வெளியே ஜூன் இருட்டிக்கொண்டு வருகிறது.
மழை பெய்தால்? என்று கேட்டேன்.

படுத்தபடியே
கையைத் தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே
வைத்துக் காட்டினாள்.