வருகையின் நோக்கம்

தூதரகத்துக்கு எதிர்ச்சாரியில்
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே என் மேசை.
ஒரு மடிக்கணினி, ஓர் அச்சுப்பொறி,
இரண்டுக்கும் உயிர் கொடுக்கும் பழைய கார் பேட்டரி.
லா பாஸில் யாருக்குச் சீன விசா வேண்டுமென்றாலும்
முதலில் என் ஸ்டூலில் உட்கார்ந்தாக வேண்டும்.
தூதரகம் அப்படிச் சொல்லவில்லை.
நான் சொல்கிறேன்.

கார்னிவல் முடிந்த வாரம்.
ஆலங்கட்டி மழை ஓய்ந்து
தெரு உப்புக்கொட்டியதுபோல் கிடந்த காலையில்
நெமேசியா தார்கி வந்தார்.
உயுஸ்துஸ் தெருவில் மொத்த வியாபாரம்:
பூட்டு, கீல், தாழ்ப்பாள்.
மடிப்புப் பாவாடையை விரித்து உட்கார்ந்ததும்
ஸ்டூல் காணாமல் போயிற்று.

என்னிடம் பேசியது ஸ்பானிஷில்.
காகிதங்களை எண்ணியது அய்மாராவில்.
பதினான்கு.
ஆறு மாத வங்கிக் கணக்கு, வரி ரசீது, வணிகப் பதிவு,
யிவூ நகரத்துத் தொழிற்சாலையின் அழைப்புக் கடிதம்.
சிவப்பு வட்ட முத்திரை, நடுவில் நட்சத்திரம்.
கடிதம் அவரைத் திருவாளர் தார்கி என்றது.

"ஆறு வருடமாகப் பணம் அனுப்புகிற ஆள்
ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.
நேரில் போய்த் திருத்திக்கொள்கிறேன்."

அதிகாரி அதுவரை காத்திருக்க மாட்டார் என்றேன்.
மறுகடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று.

புகைப்படத்தில்தான் தகராறு.
தொப்பியைக் கழற்ற வேண்டும்; காது தெரிய வேண்டும்.
"என் கல்யாணத்திலேயே இதைக் கழற்றவில்லை."
பிறகு கழற்றினார்.
தொப்பியில்லாத அந்தத் தலையை
நானும் படமெடுக்கிற ரெய்னால்டோவும்
நேராகப் பார்க்கக் கூசி
கேமராத் திரையிலேயே பார்த்தோம்.

முன்பு எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா?
"கேட்டால்தானே மறுப்பதற்கு."
இல்லை என்று தட்டினேன்.

வருகையின் நோக்கம்?

பதில் இல்லை.
என் மேசை இழுப்பறையையே பார்த்தார்.
அதில் தொங்கியது ஒரு பித்தளைப் பூட்டு.
எங்கே வாங்கினது என்றார்.
உங்கள் கடையில்தான், நாலு வருடம் இருக்கும்.

பாவாடையின் ஏதோ ஓர் உள்மடிப்பிலிருந்து
சாவிக்கொத்து ஒன்று வந்தது.
முதல் சாவி நுழையவில்லை.
அடுத்தது நுழைந்தது, திரும்பவில்லை.
ஐந்தாவதற்குப்
பூட்டு வாய் திறந்தது.

இரண்டு நாள் வரும்படி,
பாதி தின்ற சல்தேன்யா,
ஒரு முத்திரைகூட விழாத என் சொந்த பாஸ்போர்ட்,
எல்லாம் வெயிலுக்கு வந்தன.

அவர் எதையும் பார்க்கவில்லை. பூட்டினார்.

"பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு பூட்டு.
சாவி எத்தனை தினுசு என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஆகஸ்டில் ஃபெலிசாவின் கடைக்குள் புகுந்தவன்
எதையும் உடைக்கவில்லை.
தன் வீட்டுச் சாவியைப் போட்டுத் திறந்தான்.
பூட்டும் நான் விற்றது. சாவியும் நான் விற்றது.
அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேட்கணும்.
எழுது."

படிவத்தில் கட்டங்கள்:
சுற்றுலா, உறவினர், படிப்பு, வணிகம், பிற.
பிற என்று போட்டால்
பிற என்றால் என்ன என்று கேட்பார்கள்.
வணிகத்தில் குறியிட்டேன்.
கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பதும்
வியாபாரத்தில் சேர்த்திதானே.

பதினோராம் நாள் கிடைத்தது.
முப்பது நாள், ஒரே நுழைவு.
விசா ஒட்டிய பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.
கூலிக்கு மேல் ஐந்து பொலிவியானோ வைத்தார்.
புதுப் பூட்டு ஒன்று தருவார் என்று எதிர்பார்த்தேன்.
கண்டுகொண்டிருக்க வேண்டும்.
"இப்போது கையிருப்பெல்லாம் அதே பெட்டிதான்.
வந்து தருகிறேன்."

அதன்பின் தினமும்
சாயங்காலம் மேசையைப் பூட்டும்போது
தெருவில் போகிறவர்களின் கைகளைப் பார்க்கிறேன்.
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.
சல்தேன்யாவும் சில்லறையும் உள்ளேதான் இருக்கின்றன.
பாஸ்போர்ட்டை மட்டும்
சட்டைப் பைக்கு மாற்றிவிட்டேன்.