அடர்லிக்கு மேலே, ஐப்பசியில்

மூன்றாவது வாரமாய் ரயில் இல்லை.
கல்லாற்றிலிருந்து ஏறும்போது
எனக்கு முன்னால் நடப்பது டார்ச் வெளிச்சம் மட்டும்.
தோளில் சுத்தியல், நீள ஸ்பேனர்,
மழைக்கோட்டுக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போன்.
யானை போட்டுவிட்டுப் போன சாணியில்
இன்னும் ஆவி பறந்தது.

இந்நேரம் கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில்
என் மகன் யோத்தாமின் ரத்தம்
ஒரு மெஷினுக்குள் போய்த்
திரும்பி வந்துகொண்டிருக்கும்.
தங்கச்சி பிரிசில்லா பக்கத்தில் இருக்கிறாள்.
அங்கே டவர் உண்டு. இங்கே இல்லை.

ஞாயிறு ஆராதனையில்
"கன்மலையே" என்று எல்லாரும் கண்மூடும்போது
நான் மட்டும் வாய் திறப்பதில்லை.
கோபமில்லை, ஆண்டவரே.
இந்த மலையில் பாறை என்ன செய்யும் என்று
சம்பளம் வாங்கித் தெரிந்துகொண்டவள் நான்.
எலியாசர் மேல் விழுந்ததும் பாறைதான்.
அவர் வேலை எனக்கு வந்தது,
விசில் வந்தது,
இரண்டு சைஸ் பெரிய பூட்ஸும் வந்தது.
முனையில் துணி திணித்துப் போட்டுக்கொள்கிறேன்.

வேறு பெயரில் கூப்பிட்டுப் பார்த்தேன்.
அரணே என்றேன்;
தடுப்புச்சுவர் சரிந்து கிடந்தது.
நிழலே என்றேன்;
பலாமரம் வேரோடு வந்து பாலத்தில் படுத்திருந்தது.
கடைசியில் பெயரே இல்லாமல்
சுரங்கத்துக்குள் நின்று
"இருக்கீங்களா?" என்றேன்.
"ங்களா" என்றது சுரங்கம்.
வவ்வால்கள் கலைந்தன.

வெளியே ஜோகி மேஸ்திரியின் குரல்:
"தெபோராக்கா, அங்கேயே நில்லுங்க!"
நிற்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

பாதை அங்கே இல்லை.
ராத்திரி பெய்த மழையில்
மண், ஜல்லி, கல்கட்டு எல்லாம்
ஓடைக்குள் இறங்கிவிட்டன.
தண்டவாளம் மட்டும்
முப்பதடி நீளத்துக்கு அந்தரத்தில் தொங்கியது,
ஸ்லீப்பர்களை இடுப்பில் கட்டிக்கொண்டு.
நடுவே பல்தண்டு,
ஒரு பல்லும் உதிராமல்.
கீழே வெறும் பனி.

"எப்படி விழாம இருக்கு?" என்றேன்.
தெரியாமல் கேட்கவில்லை.
போல்ட் தெரியும், இணைப்புத் தகடு தெரியும்,
நேற்று இந்தக் கையால் முறுக்கியவைதான்.
ஜோகி பீடியை மழைக்கு மறைத்தபடி
"ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்குல்ல" என்றார்.
பிறகு அவருடைய ஹெத்தையைக் கும்பிட்டார்,
அவசரமே இல்லாமல்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பக்க முனை கண்ணுக்குத் தெரியவில்லை,
பனிக்குள் போய்விட்டது.
ஆனாலும் அங்கே ஏதோ ஒன்று
விடாமல் பிடித்திருந்தது.
இல்லையென்றால் இந்தப் பக்கம்
இவ்வளவு நேராய் நின்றிருக்காது.

காலுக்கடியில் மண் தாரும் என்றுதான்
இத்தனை வருஷம் ஜெபித்தேன்.
அதை இப்போதும் விடப்போவதில்லை.
மண் வேண்டும், மூட்டை மூட்டையாய்.
ஜல்லி வேண்டும்.
என் பிள்ளைக்கு ஒரு கிட்னி வேண்டும்;
வரிசையில் அவன் பெயர் நூற்றுப் பதினாலாவது,
உமக்குத் தெரியும்.
அதுவரைக்கும்,
பனிக்குள் இருக்கிறவரே,
கையை எடுத்துவிடாதேயும்.

சிவப்புக் கொடியை நட்டுவிட்டு
குந்தி உட்கார்ந்தேன்.
பல்லிடுக்கில் இறுகிய மணலைக்
குச்சியால் நோண்டத் தொடங்கினேன்,
வண்டி நாளைக்கே வரப்போகிற மாதிரி.
மேஸ்திரி சிரித்தார்.
சிரித்துவிட்டு
அவரும் ஒரு குச்சி ஒடித்துக்கொண்டு வந்தார்.